கிஷன்கங்கா, நீலம் இரண்டும் ஒரே ஆறுதான்

வணக்கம். மண்டபத்தில் பள்ளிக் கண்காட்சிக்குத் தெர்மாகோல் மாடல் செய்கிறேன், ஒரு வரைபடத்தில் கிஷன்கங்கா, இன்னொன்றில் நீலம் என்று இருக்கிறதே, இரண்டு ஆறா என்று கேட்டிருந்தீர்கள்.

ஒன்றுதான். காஷ்மீரில் சோனாமார்க் பக்கத்து மலைகளில் பிறந்து, குரேஸ் பள்ளத்தாக்கு வழியாக, இந்தியா வசமும் பாகிஸ்தான் வசமும் உள்ள பகுதிகளைப் பிரிக்கும் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டுகிறது. பாகிஸ்தான் பக்கம் பெயர் நீலம். முசாஃபராபாத்தில் ஜீலம் ஆற்றோடு சேர்ந்துவிடும்.

நம்ம வைகை மாதிரி ஒரே திசையில் இழுத்துவிடாதீர்கள். இது முதலில் வடக்கே போய், மேற்கே திரும்பி, அப்புறம் தென்மேற்காக இறங்கும். கெரன் பக்கம் ஆறேதான் கோடு: ஒரு கரை இந்தியா வசம், எதிர்க்கரை பாகிஸ்தான் வசம். அதனால் ஆறும் கோடும் ஒரே இடத்தில் வெட்டுவதாகக் காட்டினால் தப்பு. இந்த இடத்தைப் பெரிதாகவே செய்யுங்கள், பார்க்கிறவர்கள் இங்கேதான் நிற்பார்கள்.

குரேஸில் ஒரு அணை வையுங்கள். 330 மெகாவாட் மின்நிலையத்துக்காக அங்கிருந்து சுரங்கம் வழியே தண்ணீரைத் தெற்கே திருப்புகிறார்கள், இந்தியா-பாகிஸ்தான் தகராறே அதில்தான்.

கோடு 1972 சிம்லா ஒப்பந்தத்துக்குப் பின் வரையறுத்தது, சர்வதேச எல்லை அல்ல. புள்ளிக்கோடு போதும். நாட்டின் வெளி எல்லைக்கு இந்திய நில அளவைத் துறையின் படத்தையே பாருங்கள்.