இங்கிலாந்தின் மெட்வே பகுதி கென்ட் கவுண்டியில்தான் இருக்கிறது. அப்படியென்றால் கென்ட் கவுன்சில் அதை நிர்வகிக்காதது ஏன்?

கவுண்டி என்ற சொல்லுக்கு இங்கிலாந்தில் இரண்டு பொருள் உண்டு. ஒன்று, மக்கள் தலைமுறைகளாகச் சொந்த ஊராக நினைக்கும் நிலப்பரப்பு. இன்னொன்று, ஒரு கவுன்சிலின் நிர்வாக எல்லை. இரண்டும் எப்போதும் பொருந்துவதில்லை.

கென்ட் லண்டனுக்குத் தென்கிழக்கே, பிரான்சைப் பார்த்தபடி இருக்கிறது. மெய்ட்ஸ்டனில் உள்ள கவுண்டி கவுன்சில் பள்ளி, சாலை, முதியோர் பராமரிப்பைக் கவனிக்கிறது. அதன் கீழுள்ள 12 மாவட்டக் கவுன்சில்கள் குப்பை அள்ளுவது, வீட்டுவசதி போன்றவற்றைப் பார்க்கின்றன. ஆனால் மெட்வேயில் உள்ள ராச்செஸ்டர், சாத்தம், ஜில்லிங்ஹாம் ஆகியவை ஒன்றையொன்று ஒட்டியே வளர்ந்த நகரங்கள். இன்று மெட்வேயில் இரண்டரை லட்சத்துக்கும் மேல் மக்கள். இரண்டு அடுக்கு வேலையையும் ஒரே கவுன்சில் செய்யட்டும் என்று 1998-இல் மெட்வேயைப் பிரித்தார்கள். கூட்டுக் குடும்பத்தில் ஒரு தம்பி தனி அடுப்பு வைத்துக்கொண்ட மாதிரிதான். சமையல் வேறு, குடும்பப் பெயர் ஒன்றே.

பிழைப்பிலும் இந்த வேறுபாடு தெரியும். ஆப்பிள், செர்ரி, பீருக்குக் கசப்புச் சுவை தரும் ஹாப்ஸ் ஆகியவற்றால் கென்டுக்கு ‘இங்கிலாந்தின் தோட்டம்’ என்று பெயர். அப்புறம் டோவர் துறைமுகம், கடலுக்கடியில் பிரான்சுக்குச் செல்லும், 1994-இல் திறந்த கால்வாய்ச் சுரங்கப்பாதை. மெட்வேயோ சாத்தம் கப்பல்தளத்தை நம்பி வளர்ந்தது. 1984-இல் அது மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அந்த அடியைச் சொல்லாமல் இந்த ஊர்களைப் புரியவைக்க முடியாது.

தனிக் கவுன்சில் வந்ததால் மெட்வே கென்டிலிருந்து வெளியேறிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. மன்னரின் பிரதிநிதியான லார்ட் லெப்டினன்ட் இன்றும் இரண்டுக்கும் ஒருவரே.