கதவு இடைவெளி எவ்வளவு பிசகினால் வெட்ட வேண்டும்?

கேள்வி: ஐயா, நான் பரந்தனில் இருக்கிறேன். பழைய வொக்ஸ்வாகன் பீற்றில் ஒன்றின் அடித்தளத்தில் இருவர் இருந்து போகக்கூடிய கார் ஒன்றை நானே கட்டி வருகிறேன். முல்லைத்தீவில் படகு வார்க்கும் அண்ணர் ஒருவர் அச்சு எடுத்து, உடலைக் கண்ணாடியிழையில் செய்து தந்தார். இடது கதவின் பூட்டுப் பக்க இடைவெளி மேலே 4 மில்லிமீற்றர், கீழே 9. வலது கதவு பரவாயில்லை. பொனற்றின் வலது முன்மூலை 3 மில்லிமீற்றர் மேலே தூக்கி நிற்கிறது. மாதக்கணக்காக இதையே கழற்றிப் பூட்டிக்கொண்டிருக்கிறேன். புட்டி வைத்து நிரப்புவதா, உடலை வெட்டி மறுபடி ஒட்டுவதா, இப்படியே விட்டுவிடலாமா?

பதில்: தம்பி, உடலை வெட்ட வேண்டாம். கதவைப் பெரும்பாலும் அப்படியே ஏற்றுக்கொள்ளலாம். பொனற் மூலையை மட்டும் விட்டுவிடாதீர்கள். உங்கள் கடிதத்தில் கவலை முழுவதும் கதவின் மேல் இருக்கிறது. எனக்குக் கவலை பொனற்தான்.

ஏன் என்று சொல்கிறேன். தொழிற்சாலைக் காரின் தகடுகள் ஒரே உருக்கு அச்சில், பெரும் அழுத்தத்தில் அடிக்கப்படுகின்றன. ஆயிரமாவது கதவும் முதலாவது கதவைப் போலவே இருக்கும். உங்கள் கதவு கையால் வார்த்தது. இழையை ஒட்டும் ரெசின் பசை இறுகும்போது சுருங்கும். அதை இறுகவைக்கக் கலக்கும் கடினமாக்கி சற்றுக் கூடினால் சூடேறி அதிகமாகச் சுருங்கும். அச்சிலிருந்து ஒரு நாள் முந்திக் கழற்றினால் முறுகும். வார்த்தவரின் கைத்திறனில் குறை இல்லாவிட்டாலும் இரண்டு கதவுகள் ஒன்றுபோல வரமாட்டா. படகில் இது யாருக்கும் தெரியாது, ஏனென்றால் படகுக்குக் கதவு இல்லை. கலிபோர்னியாவில் 1964இல் வொக்ஸ்வாகன் உறுப்புகளை வைத்துக் கண்ணாடியிழைக் கடற்கரை வண்டியைச் செய்த புரூஸ் மேயர்ஸும் படகு வார்த்துப் பழகியவர்தான். அவர் தன் வண்டிக்குக் கதவே வைக்கவில்லை. மாரி மழையிலும் சோளகப் புழுதியிலும் ஓட வேண்டிய வண்டிக்கு அந்த வசதி கிடையாது.

ஆகவே புதுக் காருக்குப் பக்கத்தில் வைத்து அளக்காதீர்கள். ஒவ்வொரு பிசகையும் பார்த்து மூன்று கேள்விகள் கேளுங்கள். இது ஓடும்போது திறந்துகொள்ளுமா? எதையாவது உரசுமா? தண்ணீரை உள்ளே விடுமா? மூன்றுக்கும் இல்லை என்றால் அது கண்ணுக்குரிய குறை. கண்ணுக்குரிய குறையை எவ்வளவு திருத்துவது என்பது உங்கள் பொறுமையையும் பணத்தையும் பொறுத்தது.

இப்போது கதவு. உளியையோ புட்டியையோ எடுப்பதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். கதவின் இடுப்புக்கோடு, அதாவது ஜன்னலுக்குக் கீழே நீளமாக ஓடும் கோடு, உடலின் இடுப்புக்கோட்டோடு நேராகச் சேர்கிறதா, அல்லது கதவின் வால், அதாவது பூட்டுப் பக்க முனை, கீழே தொங்குகிறதா? முழு விடையும் இதில்தான் இருக்கிறது. உங்கள் கதவு 90 சென்ரிமீற்றர் நீளம், பூட்டுப் பக்கம் 70 சென்ரிமீற்றர் உயரம், இரு பிணைச்சல்களுக்கும் இடையே 30 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். கீழ்ப் பிணைச்சலுக்கும் தூணுக்கும் நடுவே 2 மில்லிமீற்றர் தகட்டுத் துண்டு ஒன்றை வைத்தால் கதவு மேல் பிணைச்சலைச் சுற்றிச் சற்றே திரும்பும். பூட்டுப் பக்கத்தின் கீழ் முனைக்கும் மேல் முனைக்கும் உள்ள வித்தியாசத்தில் ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் குறையும். உங்களுக்குத் தேவையான அளவு அதுதான். ஆனால் அதே திருப்பத்தில் கதவின் வால் 6 மில்லிமீற்றர் மேலே எழும்பும்.

வால் ஏற்கனவே அந்த அளவு தொங்கிக்கொண்டிருந்தால் ஒரு துண்டுத் தகடு இரண்டு நோயையும் ஒன்றாகத் தீர்த்துவிடும். இடுப்புக்கோடு இப்போதே நேராக இருந்தால் தகடு வைப்பது புதிய கேட்டைத்தான் தரும். நீங்கள் மாதக்கணக்காகக் கழற்றிப் பூட்டியும் முடியாமல் போனதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்: இடைவெளியைத் திருத்தினால் கோடு போகிறது, கோட்டைத் திருத்தினால் இடைவெளி போகிறது. அப்படியானால் பிழை பிணைச்சலில் இல்லை, கதவின் விளிம்பில் இருக்கிறது. பிணைச்சலை அத்தோடு விட்டுவிடுங்கள்.

விளிம்பைத் திருத்துவதில் கூட்டுவதைவிடக் குறைப்பது எளிது. மேலே 4 இருக்கும் இடத்தைத் தேய்த்து 6 ஆக்குங்கள். கீழே வரவர தேய்ப்பைக் குறைத்து ஒன்றுமில்லாமல் முடியுங்கள். மேலே 6, கீழே 9. எழுபது சென்ரிமீற்றரில் சீராக விரியும் 3 மில்லிமீற்றர் வித்தியாசத்தை உங்களைத் தவிர வேறு எவரும் பார்க்கப் போவதில்லை. இடைவெளி அகலமாக இருப்பதைக் கண் மன்னிக்கும். நடுவில் திடீரென்று ஒடுங்குவதையும், ஒரு தகடு மற்றத் தகட்டைவிடப் படி போல உயர்ந்து நிற்பதையும்தான் மன்னிக்காது. தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் நல்ல முகமூடியால் மூடிக்கொள்ளுங்கள், கண்ணாடித் தூள் நுரையீரலுக்குப் போகக்கூடாது. தேய்த்த விளிம்பில் இழை வெளியே தெரியும். உடனே ரெசின் பூசி மூடாவிட்டால் தண்ணீர் ஊறும்.

வலது கதவைப் போல இடது கதவை ஆக்க வேண்டும் என்ற எண்ணத்தையும் விடுங்கள். காரின் இரண்டு பக்கங்களையும் ஒரே நேரத்தில் எவராலும் பார்க்க முடியாது. அந்தந்தப் பக்கம் அதனளவில் ஒழுங்காக இருந்தால் போதும். இடுப்புக்கோடு கண்ணுக்கு நேரே வருவது. அதை முதலில் நேராக்குங்கள். மிஞ்சும் பிழையைக் கீழே, படிக்கட்டை ஒட்டிய நிழலுக்குத் தள்ளிவிடுங்கள்.

4 மில்லிமீற்றரை 6 ஆக்கச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. பெயிண்ட் ஏறினால் இரண்டு விளிம்புகளிலுமாகச் சேர்த்து அரை மில்லிமீற்றர் வரை போய்விடும். ஏ9 வீதியில் மட்டும் ஓடினால் பரவாயில்லை. ஆனால் மாங்குளத்திலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ உள்ளே கிரவல் வீதிகளில் இறங்கினால் அடித்தளம் முறுகும், கதவும் அதோடு அசையும். சோதித்துப் பாருங்கள்: ஒரு முன் சில்லை மட்டும் அரையடி உயரக் கட்டையில் ஏற்றி நிறுத்திவிட்டு இரு கதவுகளையும் திறந்து மூடுங்கள். பிறகு மற்றச் சில்லு. மூலை எங்காவது தட்டினால் அங்கே இன்னும் இடம் விட வேண்டும். இந்தச் சோதனையை என்ஜின், இருக்கைகள், கதவு றபர்கள் எல்லாம் பூட்டி, வண்டி தன் பாரத்தில் நிற்கும்போது செய்யுங்கள். வெறும் கூட்டை மேடையில் வைத்துச் சரிபார்த்த இடைவெளி, பாரம் ஏறியதும் மாறிவிடும்.

றபர் பற்றிச் சுருக்கமாக: கதவை மூடும்போது றபர் தன் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு அளவு நசுங்க வேண்டும். கடதாசித் துண்டு ஒன்றை வைத்துக் கதவை மூடி இழுங்கள். சுற்றிவர ஒரே இறுக்கத்தில் வந்தால் வெளியே இடைவெளி எப்படி இருந்தாலும் மழை உள்ளே வராது. வழுக்கிக்கொண்டு வரும் இடத்தில் புழுதியும் வரும்.

இனிப் பொனற். பீற்றிலில் என்ஜின் பின்னால் இருப்பதால் முன்மூடியைச் சாமான் பெட்டியின் மூடி என்று எண்ணி அலட்சியம் செய்யத் தோன்றும். பெற்றோல் தாங்கி அதன் கீழேதான் இருக்கிறது. காற்று முதலில் மோதுவதும் அங்கேதான். எந்தத் தகடானாலும் அதன் முன் விளிம்பு தனக்கு முன்னால் உள்ள தகட்டைவிட ஒரு மயிரிழை தாழ்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் காற்று மேலாக வழுக்கிப் போகும். உங்களுடையது 3 மில்லிமீற்றர் உயர்ந்து நிற்கிறது. வேகத்தில் காற்று அதன் கீழ் புகுந்து தூக்கும். அது நாளுக்கு நாள் கொளுக்கியைத் தளர்த்தும். ஒரு நாள் பொனற் கழன்று முன்கண்ணாடியில் வந்து அடித்தால் பார்வை முழுவதும் மறைந்துவிடும்.

இதைப் புட்டியால் மறைக்க முடியாது. புட்டி 3 மில்லிமீற்றருக்கு மேல் போனால் வளையும் கண்ணாடியிழையில் வெடிக்கும். கொளுக்கியை இறுக்கி மூலையைக் கீழே இழுத்து வைப்பதும் தீர்வு அல்ல, முறுக்கம் தகட்டுக்குள் அப்படியே இருந்து பெயிண்டை வெடிக்கவைக்கும். செய்ய வேண்டியது இதுதான். பொனற்றை வண்டியில் வைத்து, சுற்றிவர 5 மில்லிமீற்றர் கட்டைத் துண்டுகளைச் செருகி, தூக்கிய மூலையைப் பாரம் வைத்து உரிய இடத்துக்கு, இன்னும் ஒரு மில்லிமீற்றர் கீழாகவே அழுத்துங்கள். காலை வெயிலில் சில மணி நேரம் விடுங்கள், தகடு சற்று இளகும். பிறகு நிழலுக்குக் கொண்டுவந்து, அழுத்தியபடியே உட்பக்கத்தில் ஒரு விலா ஒட்டுங்கள்: மெல்லிய பலகைச் சட்டமோ கடின நுரைத் துண்டோ வைத்து, அதன் மேல் சதுர மீற்றருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடியிழைப் பாய் மூன்று அடுக்கு. மூலைக்கு மூலை குறுக்காக ஓட வேண்டும். ஒட்டும் இடத்தைச் சொரசொரப்பாக்கித் தூசு துடைத்திருக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் பாரத்தை எடுக்காதீர்கள். விலா இறுகிய பின் பொனற் தன் பழைய முறுக்கத்துக்குத் திரும்பப் போகாது. உங்களுக்கு உடல் வார்த்துத் தந்த அண்ணருக்கு இந்த வேலை கைவந்த ஒன்று, படகின் உள்விலாவும் இப்படித்தான் ஒட்டப்படுகிறது. முடிந்தால் அவரையே கூப்பிடுங்கள். பிறகு ஒரு கொளுக்கியோடு நிற்காமல் இரு பக்கமும் ஒவ்வொரு கொளுக்கி வையுங்கள். ஆணி துளைக்கும் இடங்களில் அகன்ற வாசர் போடுங்கள், சின்ன வாசர் கண்ணாடியிழையைக் கிழித்துக்கொண்டு உள்ளே போகும்.

இதே கண்டிப்பு இன்னும் இரண்டு இடங்களுக்கு வேண்டும். ஸ்ரியரிங்கை முழுவதும் வெட்டி, வண்டி அமுங்கும்போது சில்லு மட்காட்டில் முட்டக்கூடாது. மட்காட்டின் உள்ளே களிமண் உருண்டை ஒன்றை ஒட்டிவைத்து ஓடிப் பாருங்கள், முட்டினால் அது நசுங்கியிருக்கும். முன்கண்ணாடியை வலிந்து அமுக்கிச் சட்டத்துக்குள் இறக்க வேண்டி வந்தால் கண்ணாடியை நிறுத்திச் சட்டத்தைத் திருத்துங்கள். இன்று பொருந்திய கண்ணாடி நாளை ஒரு குழியில் கீறிவிடும். மற்றபடி மட்காட்டும் உடலும் சேரும் இடத்தில் நாலைந்து மில்லிமீற்றர் பிசகினால் றபர் பட்டியொன்றை நடுவே வைத்துப் பூட்டிவிடுங்கள்.

நம்மவர்கள் பெரிதும் நேசித்த மொரிஸ் மைனரை எடுத்துக்கொள்ளுங்கள். 1948இல் அது வெளிவருவதற்குச் சற்று முன்னால், கார் ஒடுங்கலாகத் தெரிகிறது என்று அதை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ் மாதிரி வண்டியை நடுவால் பிளந்து 4 அங்குலம் அகட்டினார். பொனற்றின் நடுவே நீளமாக ஓடும் தட்டையான பட்டை அந்த அகட்டலால் வந்தது. பம்பர்கள் ஏற்கனவே செய்யப்பட்டிருந்ததால் ஆரம்பக் கார்களில் அவற்றை நடுவால் வெட்டி இடையில் துண்டு வைத்தார்கள். அதைக் குறையென்று சொல்லி எவரும் அந்தக் காரை ஒதுக்கவில்லை.

உடலின் வடிவம் பதிவுப் புத்தகத்தில் உள்ளதிலிருந்து மாறுவதால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் இப்போதே விசாரித்துவிடுங்கள், பெயிண்ட் அடித்த பிறகு அல்ல.

நிறத்தையும் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்பதால் சேர்த்தே சொல்கிறேன். கண்ணாடியிழை வெயிலில் உருக்கைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். 1.2 மீற்றர் பொனற் 40 பாகை சூடேறினால் ஒரு மில்லிமீற்றருக்குச் சற்று மேல் நீளும். சாதாரணப் படகு ரெசின் 60, 70 பாகையை நெருங்கும்போது விறைப்பை இழக்கத் தொடங்கும். வன்னியின் நடுப்பகலில் கறுப்புப் பூச்சு அந்தச் சூட்டைத் தொட்டுவிடும், நீங்கள் திருத்திய மூலை மறுபடி தளரும். வெள்ளை குளிர்ச்சிதான், ஆனால் வெள்ளையில் ஒவ்வொரு இடைவெளியும் கறுப்புக் கோடாகத் தெரியும். மணல் நிறமோ வெளிர் சாம்பலோ எடுங்கள், மினுக்கம் குறைவாக அடிக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் உடலைச் சில கிழமை வெளியில் வெயில் பட நிறுத்திவையுங்கள். ரெசின் சுருங்குவதற்கு மிச்சம் இருந்தால் அது பெயிண்டுக்கு முன்பே சுருங்கி முடியட்டும்.