வாங்கலாமா, வேண்டாமா? இளவரசி கவுனும் வான்கோழிக்காலும்

இலையுதிர் காலம் வந்தால் அமெரிக்க வாசகர்களின் கடிதங்களில் குதிரைச் சாண வாடை வந்துவிடும். பழைய ஐரோப்பிய அரசர் காலத்து வேஷம் கட்டிக் கொண்டாடும் ரெனசான்ஸ் திருவிழா, 1963இல் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் தொடங்கி, இப்போது பல மாநிலங்களில் நடக்கிறது. ராணி ஊர்வலம், ஈட்டிச் சண்டை, புழுதி, அப்புறம் வரிசையாகக் கடைகள். சின்னப் பிள்ளைகளோடு போய் வந்தவர்களின் கடிதங்கள் மட்டும் இந்த முறை.

*ஒரு குழுவில், 'போக முடியவில்லை, நான்கு டிக்கெட் பாதி விலை' என்று ஒருவர் போட்டிருந்தார். 96 டாலர் அனுப்பினேன். வாசலில் ஸ்கேன் செய்தால், அந்த டிக்கெட்டுகளில் ஏற்கெனவே ஆள் உள்ளே போயாயிற்று என்றார்கள். இளவரசி கவுன் போட்ட மகள் பார்க்கிங்கிலேயே அழுதாள்.*
– வாசகி, நியூ ஜெர்சி

படிக்கும்போதே வயிறு எரிகிறது, அம்மா. ஒரே டிக்கெட் படத்தைப் பத்துப் பேருக்கு விற்பது பழைய வேலை. முதலில் வந்தவர் உள்ளே போவார், மற்றவர்கள் உங்களைப் போல வாசலில் நிற்பார்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், அந்தத் தொகை இடம்பெற்ற முதல் பில் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாளுக்குள் கார்டு நிறுவனத்துக்கு எழுத்தில் ஆட்சேபம் அனுப்புங்கள். பணம் திரும்ப வர நல்ல வாய்ப்பு உண்டு. கணக்கிலிருந்து நேரடியாக அனுப்பியிருந்தால் கஷ்டம்தான். ஆனாலும் இன்றைக்கே வங்கியைக் கூப்பிடுங்கள், எஃப்டிசி எனும் மத்திய வர்த்தக ஆணையத்தின் தளத்தில் புகார் பதியுங்கள். அவர்கள் உங்கள் 96 டாலரை வாங்கித் தர மாட்டார்கள், ஆனால் ஆளைப் பிடிக்க அந்தப் புகார் உதவும். உரையாடலை அழித்துவிடாதீர்கள். அடுத்த முறை திருவிழாவின் சொந்தத் தளத்தில் மட்டும் வாங்குங்கள். மிகச் சின்னப் பிள்ளைகளுக்குப் பல இடங்களில் டிக்கெட்டே வேண்டாம், அதையும் அங்கேயே பாருங்கள்.

*மழை கொட்டியது. டிக்கெட் பணத்தைத் திருப்பித் தரவில்லை. வழக்குப் போடலாமா?*
– வாசகர், மேரிலாண்ட்

'மழையோ வெயிலோ நடக்கும்' என்று டிக்கெட்டிலேயே எழுதியிருந்ததாக நீங்களே கடிதத்தின் கீழே சொல்லியிருக்கிறீர்கள். குடை வாங்குங்கள்.

*வான்கோழிக்கால் ஒன்று வாங்கி நான்கு பேர் தின்றோம். உள்ளே இளஞ்சிவப்பு, ருசியும் பன்றிக்கறி போலவே. எங்கள் வீட்டில் பன்றி சாப்பிடுவதில்லை. தலையில் கட்டிவிட்டார்களா?*
– வாசகர், டெக்சாஸ்

பயப்படாதீர்கள். ஹாம் செய்வதற்குப் பன்றிக்கறியை ஊறவைக்கும் அதே மாதிரி உப்பு நீரில் இந்தக் காலையும் ஊறவைத்துப் புகை போடுகிறார்கள். அந்த நீரில் சேர்க்கும் நைட்ரைட்தான் நிறத்துக்கும் ருசிக்கும் காரணம். உள்சூடு 165 ஃபாரன்ஹீட்டை எட்டியிருந்தால் சிவப்பாக இருந்தாலும் வெந்ததுதான். உப்பு மட்டும் எக்கச்சக்கம், பிள்ளைக்கு ரெண்டு வாய் போதும். வான்கோழி அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்குப் போன பறவை என்பதால், திருவிழாவில் கத்தி சுழற்றும் அரசர்களில் பழையவர்கள் பலர் அதைப் பார்த்தே இருக்க மாட்டார்கள் என்பது தனிக் கதை.

*கையால் தைத்த கம்பளி மேலங்கி, 165 டாலர். வீட்டில் போட்டுப் பார்த்தால் பிடிக்கவில்லை. அமெரிக்காவில் எதையும் மூன்று நாளில் திருப்பலாமே, கடைக்காரர் ஏன் மறுக்கிறார்?*
– வாசகி, கலிஃபோர்னியா

இந்த மூன்று நாள் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. எதை வாங்கினாலும் திருப்பலாம் என்று மத்தியச் சட்டம் எதுவும் இல்லை. பெரிய கடைகள் வாங்கிக்கொள்வது அவரவர் சொந்தக் கொள்கை. இருப்பது எஃப்டிசியின் 'கூலிங் ஆஃப்' விதி. வீட்டுக்கதவைத் தட்டி, உட்கார்ந்து பேசியே கையெழுத்து வாங்கும் ஆட்களுக்காக 1970களில் வந்தது. அதில் பொருட்காட்சி மைதானமும் வரும், அங்கே 130 டாலர் அல்லது அதற்கு மேல் என்றால் மூன்றாவது வேலை நாள் நள்ளிரவு வரை ரத்து செய்யலாம். இதுவரை உங்கள் பக்கம்தான். ஆனால் சந்தைகளில் விற்கும் கைவினைப் பொருட்களுக்கு அந்த விதியே விலக்குத் தருகிறது. மேலங்கி, மரக்கிண்ணம், தோல்பை எல்லாம் அந்த விலக்குக்குள் போய் ஜம்மென்று உட்கார்ந்துவிடும். அதே மைதானத்து மூலையில் ஒருவர் உங்கள் வீட்டு ஜன்னலை மாற்றித் தருவதாகக் கையெழுத்து வாங்கினால் மூன்று நாள் உண்டு. மேலங்கிக்குக் கிடையாது.

நானும் இதே நம்பிக்கையில் முழங்கால் உயர பூட்ஸ் வாங்கினேன். என் கால் அளவுக்கே தைத்தது, வேறு யார் காலுக்கும் ஆகாது, பரணில் கிடக்கிறது. அதனால்தான் கோபம் கொஞ்சம் கூடிவிட்டது. சாயம் போனது, தையல் விட்டது என்றால் கதை வேறு, ரசீதோடு போய்ச் சண்டை போடலாம். 'பிடிக்கவில்லை' என்பது பழுது இல்லை. கார்டை நீட்டும் முன் 'திருப்பி எடுப்பீர்களா?' என்று கேட்கப் பத்து வினாடி ஆகாது. பெரும்பாலும் அதே கடை அடுத்த வாரமும் அங்கேயே இருக்கும், மரியாதையாகக் கேட்டால் வேறு அளவாவது மாற்றித் தரலாம்.

*மூன்று வயது மகளுக்கு டிராகன் பதக்கம் வாங்கினோம். எப்போதும் வாயில்தான். பாதுகாப்பானதா?*
– வாசகர், மினசோட்டா

முதலில் வாயிலிருந்து எடுங்கள். 12 வயது வரையிலான பிள்ளைகளுக்கென்று செய்யும் பொருளில் ஈயம் பத்து லட்சத்தில் 100 பங்கைத் தாண்டக் கூடாது. ஆனால் அந்தக் கடையில் தொங்குவது பெரியவர்களுக்கான நகை, இந்த வரம்பு அதற்கு இல்லை. எந்த உலோகம் என்று கடையில் கேளுங்கள், பதில் மழுப்பலாக இருந்தால் தூக்கிப் போடுங்கள். நாள்கணக்கில் சப்பியிருந்தால் மருத்துவரிடம் சொல்லி ரத்தத்தில் ஈயம் பார்த்துவிடுங்கள், சாதாரணப் பரிசோதனைதான்.

*மகனின் மரவாளை விமானத்தில் கையோடு கொண்டுபோகலாமா?*
– வாசகர், ஃப்ளோரிடா

செக்-இன் பெட்டியில் போடுங்கள்.

*கணவர் மாட்டுக்கொம்புக் கோப்பை கேட்கிறார். வாங்கித் தரலாமா?*
– வாசகி, இல்லினாய்ஸ்

உள்ளே என்ன பூசியிருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள். நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த முதல் காலையிலேயே ஆசையாக ஃபில்டர் காபியை ஊற்றினேன். பூச்சு தேன்மெழுகு போல. சூட்டில் உருகி, காபி மேல் மஞ்சள் ஏடாக மிதந்தது. பால் ஏடு என்று நினைத்து ஒரு வாய் குடித்தும்விட்டேன். இப்போது அதில் பேனா போட்டு வைத்திருக்கிறேன். அடி கூராக இருப்பதால் அதுவும் நிற்பதில்லை.