எக்கோ ரிப்போர்ட்ல இஎஃப் 60% னு போட்டா இதயம் 60% தான் வேலை செய்யுதுனு அர்த்தமா? அப்பாவுக்கு போன வருஷம் 60, இப்போ 55, பயப்படணுமா?

இல்லங்க, அது பரீட்சை மார்க் கிடையாது. பதினோரு வருஷமா எக்கோ டெக்னீஷியனா ப்ரோப் (நெஞ்சுல வைக்கிற ஸ்கேன் கருவி) புடிச்சிட்டு இருக்கேன், ரிப்போர்ட்ட கைல வாங்குனதும் பாதி பேர் கேக்குற மொதல் கேள்வியே "மீதி 40 எங்க போச்சு" தான்.

எங்கயும் போகல, உள்ளயே தான் இருக்கு. இடது கீழறை ரத்தம் நிரம்பி நிக்கிறப்ப 120 மில்லி இருக்குனு வைங்க, சுருங்கி முடிச்சதும் 50 மில்லி மிச்சம் இருக்கு, அப்போ 70 மில்லி வெளிய போயிருக்கு, 70ஐ 120ஆல வகுத்தா கிட்டத்தட்ட 58 சதவீதம், இதான் இஎஃப், அதாவது எஜெக்ஷன் ஃப்ராக்ஷன். எவ்வளவு நல்ல இதயமும் ஒரே அடில மொத்தத்தையும் பிழிஞ்சு காலி பண்ணாது. ஆம்பளைங்களுக்கு 52லேர்ந்து 72, பொம்பளைங்களுக்கு 54லேர்ந்து 74, இதுக்குள்ள இருந்தா நார்மல். சொல்லப்போனா 80, 85னு வந்தா தான் எங்களுக்கே என்னடா இதுனு இருக்கும், சுவர் தடிச்சுப் போயி உள்ள இடமே சுருங்கிப் போன இதயத்துல அப்படி வரும்.

சரி, 60 எப்படி 55 ஆச்சு? அந்த நம்பர மிஷின் தானா தர்றதில்லங்க, பல எடத்துல இன்னும் கையால தான். படத்த நிறுத்தி, அறை முழுசா விரிஞ்சிருக்கப்ப ஒரு தடவ, சுருங்கியிருக்கப்ப ஒரு தடவ, உள் ஓரத்த சுத்தி கோடு போடுவோம், ரெண்டு கோணத்துல. சாஃப்ட்வேர் அத தட்டு தட்டா அடுக்கி கன அளவு கணக்கு போடும். என் கை ரெண்டு மில்லிமீட்டர் உள்ள போனா நம்பர் மாறும், அப்பாவோட படத்தையே நானும் என் பக்கத்து சீட் ஆளும் தனித்தனியா அளந்தா 5 வித்தியாசம் சாதாரணமா வரும். அதனால 60க்கும் 55க்கும் நடுவுல நான் ஒண்ணுமே படிக்க மாட்டேன். 60 இருந்தது 45 ஆயிருந்தா அது வேற கதை.

நீங்க பாக்க வேண்டிய வரி இஎஃப்க்கு மேலயோ கீழயோ இருக்கும், "நோ ஆர்டபிள்யூஎம்ஏ"னு. அதாவது எந்த ஒரு பகுதி சுவரும் தனியா சோம்பலா அசையலனு அர்த்தம். இடது கீழறை சுவர 17 துண்டா மனசுல பிரிச்சு வச்சு ஒவ்வொண்ணா பாக்குறோம், நல்லா சுருங்குனா 1, கொஞ்சமா சுருங்குனா 2, அசையவே இல்லனா 3, சுருங்க வேண்டிய நேரத்துல வெளிப்பக்கம் உப்புனா 4. முன் சுவரும் நுனியும் சோம்பலா இருந்தா முன்னாடி எறங்குற ரத்தக்குழாய்ல சந்தேகம், கீழ் சுவருன்னா பெரும்பாலும் வலது குழாய்ல. ஆஞ்சியோ பண்றதுக்கு முன்னாடியே ஒரு குறிப்பு கெடச்சிடும்.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. சுவர் உள்ள வருதானு மட்டும் பாத்தா ஏமாந்துடுவோம், ஏன்னா செத்துப்போன தசையக்கூட பக்கத்துல இருக்க நல்ல தசை இழுத்துட்டு வரும், நெரிசல்ல மாட்டுனவன் கால் தூக்காமலே நகர்ந்து போற மாதிரி. அதனால நாங்க பாக்குறது சுவர் சுருங்கும்போது தடிக்குதாங்கறத தான். தடிச்சா உயிர் இருக்கு. நகருது ஆனா தடிக்கலனா அது இழுபட்டு வருதுனு அர்த்தம். உல்டாவும் உண்டு, பைபாஸ் பண்ணவங்களுக்கு நடுச்சுவர் கோணல்மாணலா ஆடும், ஆனா தடிக்கும், அது அட்டாக் இல்ல.

சேர்ந்த புதுசுல நான் வாங்கிக் கட்டிக்கிட்டது ஒண்ணு சொல்றேன். நெஞ்சு வலினு ஒருத்தர் வந்தார், ப்ரோப்ப வச்சேன், உருண்டையா அழகா ஒரு படம் வந்துச்சு, நுனி சும்மா தடதடன்னு குதிக்குது, 60 போட்டுட்டேன். டாக்டர் வந்து ஒண்ணும் பேசல, அவர இன்னும் கொஞ்சம் இடது பக்கம் ஒருக்களிச்சு படுக்கச் சொன்னார், ப்ரோப்ப ஒரு விலா எலும்பு இடைவெளி கீழ எறக்குனார், மூச்ச வெளிய விட்டு புடிங்கனு சொன்னார். படம் அப்படியே நீண்டுச்சு. அதுவரைக்கும் படத்துலயே இல்லாத நெஜ நுனி வந்து நிக்குது, காகிதம் மாதிரி மெலிசா, அசையாம. "நீ நுனிய பாக்கவே இல்லப்பா, பக்கத்து சுவர வெட்டி நுனினு காட்டியிருக்க"னு மட்டும் சொன்னார். அப்புறம் தான் புரிஞ்சது, நெஜ நுனி எடம் விட்டு குதிக்காது, அடிப்பகுதி தான் நுனிய நோக்கி எறங்கி வரும். நுனி துள்ளுதுனா மொதல்ல என் கை மேல தான் சந்தேகப்படுவேன் இப்பல்லாம்.

ரிப்போர்ட்ல இஎஃப் பக்கத்துல "எம் மோட்"னு இருந்தா, அதாவது ஒரே ஒரு கோட்டுல அளந்ததுனு இருந்தா, கொஞ்சம் கவனிங்க. 1953ல ஸ்வீடன்ல எட்லர்னு ஒரு டாக்டரும் ஹெர்ட்ஸ்னு ஒரு இயற்பியல்காரரும் உலோகத்துல விரிசல் பாக்குற மிஷின நெஞ்சுல வச்சுப் பாத்தப்போ தெரிஞ்சது இந்த மாதிரி ஒத்தக் கோடு அசைவு தான். அந்தக் கோடு அறையோட அடிப்பக்கத்துல குறுக்க போகும், நுனிய தொடவே தொடாது, ஆனா அந்த ஒரு அகலத்த வச்சு மொத்த அறைக்கும் கணக்கு போட்டுடும். நுனி படுத்துட்ட ஆளுக்கும் 60 காட்டும். எல்லா சுவரும் ஒரே மாதிரி அசையற இதயத்துக்கு ஓகே, அட்டாக் வந்தவருக்கு அந்த நம்பர நான் நம்பமாட்டேன்.

சில ரிப்போர்ட்ல ஸ்ட்ரெயின் -20% னு இருக்கும், மைனஸ பாத்து அலறாதீங்க, தசை நீளவாக்குல எவ்வளவு குறுகுதுங்கற கணக்கு அது, குறுகுறதால மைனஸ். -20 பக்கத்துல இருந்தா நல்லது. சில கேன்சர் மருந்து இதயத்த பாதிக்கும், அத எடுக்கறவங்களுக்கு இஎஃப் விழறதுக்கு முன்னாடியே இது குறைய ஆரம்பிக்கலாம், அதுக்காகவே எடுக்கச் சொல்வாங்க.

அப்புறம் ஒண்ணு, இஎஃப் 60, சுவர் எல்லாம் ஓகே, அதனால அடைப்பு இல்லனு முடிவு பண்ணிடாதீங்க. படுத்து ரெஸ்ட்ல இருக்கும்போது 70 சதவீதம் அடைச்ச குழாய்க்கு கீழ இருக்க தசைகூட ஒழுங்கா சுருங்கும், ஓட விட்டாலோ டோபுடமின்னு ஒரு மருந்த ஏத்தி இதயத்த வேகமா அடிக்க வச்சாலோ தான் திணறும், அதான் ஸ்ட்ரெஸ் எக்கோ. அப்பாவுக்கு மாடி ஏறுனா நெஞ்சு அழுத்துற மாதிரி எதாவது இருந்தா, நம்பர் நல்லா இருக்குனு சொல்லாம விட்டுடாதீங்க, டாக்டர்ட்ட சொல்லுங்க. அடுத்த தடவ எக்கோ எடுக்கப் போகும்போது பழைய ரிப்போர்ட் மட்டும் இல்லாம வீடியோ சிடியும் எடுத்துட்டு போங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல ஓட விட்டுப் பாத்தா அந்த 60, 55 விவகாரம் ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிடும்.