ஒரு பக்க மூக்கடைப்பு, ரத்தச் சளி: நாலாவது கோர்ஸ் மாத்திரை வேண்டாம்

வணக்கம். தஞ்சாவூரில் 30 வருஷமாக வீணைக்குப் பலாமரம் குடையும் அப்பாவுக்கு நாலு மாசமாக இடது மூக்கு மட்டும் அடைப்பு, சிந்தினால் ரத்தம் கலந்த சளி, மூன்று தடவை ஆன்டிபயாடிக் சாப்பிட்டும் கேட்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

சாதாரண சைனஸ் பெரும்பாலும் இரண்டு பக்கமும் படுத்தும். ஒரே பக்கம், அதுவும் ரத்தத்தோடு என்றால் உள்ளே பார்த்தே ஆகவேண்டும். கன்னம் மரத்துப்போவது, மேல் பல் காரணமில்லாமல் ஆடுவது, கண் பிதுங்குவது, பார்ப்பது இரண்டாகத் தெரிவது, இதில் ஒன்று இருந்தாலும் நாளைக்கே கிளம்புங்கள். புற்றுநோய்தான் என்று சொல்லவில்லை. பாலிப் (மூக்குக்குள் வளரும் சாதாரணச் சதை), பூஞ்சைகூட இப்படி வரும். ஆனால் பல வருஷ மரத்தூள், கண்களுக்கு நடுவிலுள்ள எத்மாய்டு சைனஸில் வரும் அடினோகார்சினோமா என்ற புற்றுநோய்க்கு நிரூபணமான காரணம். தொழிலை டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள், கூட்டத்தில் கேட்க விட்டுப்போகும்.

தஞ்சை மருத்துவக் கல்லூரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் எண்டோஸ்கோபி (மூக்குக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்யச் சொல்லுங்கள். சதை தெரிந்தால் முதலில் சிடி, எம்ஆர்ஐ, பிறகுதான் பயாப்ஸி (துளி சதை கிள்ளிப் பரிசோதிப்பது). ஸ்கேன் பார்க்காமல் கிள்ளி, அது ரத்தக்குழாய்க் கட்டியாக இருந்துவிட்டால் ரத்தம் நிற்காது. சிடி எலும்பு அரிப்பைக் காட்டும். எம்ஆர்ஐ கட்டியையும் தேங்கிய சளியையும் பிரித்துக் காட்டும்.

பயாப்ஸி அறிக்கையில் புற்றுநோய் என்று வந்தால், எந்த வகை என்பதுதான் முக்கியம். லிம்ஃபோமா (நிணநீர்ச் செல்களில் வரும் புற்றுநோய்) என்றால் பொதுவாகக் கத்தி வேண்டாம், கீமோ, கதிர்வீச்சு. அடினோகார்சினோமாவுக்குப் பெரும்பாலும் முதலில் ஆபரேஷன், பிறகு ஏறக்குறைய 6 வாரத்துக்குள் கதிர்வீச்சு ஆரம்பிக்கவேண்டும். சொத்தைப் பல் இருந்தால் கதிர்வீச்சுக்கு முன்பே பிடுங்கிவிடுங்கள்; பின்னால் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் முதல் நாளே கையோடு கொண்டுபோங்கள்.