வாசகர் கேள்வி - பதில்: ராஜபுதனத்து மகாராஜாக்கள்

மேவார் பற்றி எழுதிய பிறகு வந்த கடிதங்களில் ராஜஸ்தான் மன்னர்களைப் பற்றிய கேள்விகளை மட்டும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: தன்னை அவமதித்த ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனிக்குப் பாடம் புகட்ட, அல்வர் மகாராஜா அந்தக் கார்களை வாங்கிக் குப்பை அள்ள விட்டாராமே, உண்மையா?

இதே கதையை பரத்பூர், பாட்டியாலா, ஹைதராபாத் மன்னர்கள் பேரிலும் சொல்கிறார்கள். ஆளுக்கு ஆள் கைமாறி வளர்ந்த கதை, நம்ப வேண்டாம். அல்வர் ஜெய்சிங் விஷயத்தில் உறுதியாக நடந்தது வேறு. வரிச்சுமை தாங்காமல் மேவ் என்ற சமூகத்து விவசாயிகள் கிளர்ந்தெழுந்தார்கள். நிலைமை கைமீறியதும் 1933இல் ஆங்கிலேய அரசு அவரை சமஸ்தானத்தை விட்டே வெளியேற்றியது. 1937இல் பாரிஸில் இறந்தார். கார் கதையை எல்லோரும் கேட்கிறார்கள், அந்த விவசாயிகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

கேள்வி: ஹல்திகாட்டி, இந்துக்களும் முஸ்லிம்களும் மோதிய போர் என்கிறான் என் மகன். வரலாறு படித்த நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

யார் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று அவனையே ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். 1576 ஜூன் 18. அக்பர் களத்துக்கே வரவில்லை. முகலாயப் படைக்குத் தலைமை தாங்கி வந்தவர் ஆம்பேர் அரச குடும்பத்து மான்சிங், ராஜபுத்திரர். எதிரே மேவார் மன்னர் மகாராணா பிரதாப். பிரதாப்பின் முன்னணிப் படையை நடத்தியவர் ஹகீம் கான் சூர் என்ற ஆப்கானியர். பிரதாப்புக்காக வில்லேந்தி நின்றவர்கள் பில் பழங்குடியினர். பிரதாப்பின் தம்பி ஜக்மால் அதற்கு முன்பே அக்பரிடம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

முகலாயப் படையோடு வந்திருந்த பதாயுனி என்ற வரலாற்றாசிரியர் அன்று நடந்ததை எழுதி வைத்திருக்கிறார். இரண்டு பக்கமும் ராஜபுத்திரர்கள் கலந்து கிடந்ததால் நம் ஆள் யார், எதிரி யார் என்று தெரியாமல், 'யார் மீது அம்பு விடுவது?' என்று உடனிருந்த தளபதியைக் கேட்கிறார். 'விடு, எந்தப் பக்கத்து ஆள் விழுந்தாலும் இஸ்லாத்துக்கு லாபம்தான்' என்ற பொருளில் பதில் வருகிறது. ஆகவே மதம் அந்தக் களத்தில் இல்லவே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் போர் எதற்காக நடந்தது என்றால், மேவார் டில்லிக்கு அடங்குமா அடங்காதா என்பதற்காகத்தான். பிரதாப் அடங்கவில்லை. அன்று களத்தை விட்டு விலக வேண்டி வந்தாலும், மலைகளில் இருந்தபடியே போராடி, 1597இல் இறப்பதற்குள் சித்தூரும் மண்டல்கட்டும் தவிர மேவாரின் பெரும்பகுதியை மீட்டுவிட்டார். என்னைக் கேட்டால் அவருடைய பெருமை அந்த ஒரு நாள் சண்டையில் இல்லை, அதற்குப் பிறகு வந்த இருபது வருடங்களில் இருக்கிறது.

கேள்வி: ஜெய்ப்பூர் ஜந்தர் மந்தரில் அவ்வளவு பெரிய கல் கட்டடம் எதற்கு? சின்னதாகக் கருவி செய்தால் போதாதா?

ஜந்தர் மந்தர் ஒரு வானியல் கூடம். அதைக் கட்டிய ஜெய்ப்பூர் மன்னர் சவாய் ஜெய்சிங்குக்குச் சின்னக் கருவிகள் திருப்தி தரவில்லை. பித்தளைக் கருவிகளின் அச்சு தேய்ந்துவிடுகிறது, நடுவே ஆட்டம் கண்டுவிடுகிறது, அளவு சிறியது என்பதால் நுட்பமான பிரிவுகளைக் குறிக்கவும் இடமில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். அதனால்தான் கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் போனார். ஜெய்ப்பூரில் உள்ள சாம்ராட் யந்திரம் என்ற சூரியக் கடிகாரம் சுமார் 27 மீட்டர் உயரம். அதன் நிழல் ஒரு நொடிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நகரும். அந்தப் பளிங்கு அளவுகோலின் பக்கத்தில் நான் நின்று பார்த்திருக்கிறேன். விரலை வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் காத்திருந்தால் நிழல் விரலைத் தாண்டிப் போய்விடுகிறது. நிழலின் ஓரம் கத்தி வெட்டியது போல் இருக்காது, மங்கலாகத்தான் இருக்கும். ஒரு மெல்லிய குச்சியைப் பிடித்து, அதன் நிழல் எங்கே மறைகிறது என்று பார்த்துச் சரியான இடத்தைக் குறிப்பார்கள்.

பதினோரு வயதில் அரியணை ஏறியவர், 1727இல் ஜெய்ப்பூர் நகரையே புதிதாக நிர்மாணித்தவர். போர்ச்சுகலுக்கு ஆள் அனுப்பி ஐரோப்பிய வானியல் அட்டவணைகளை வரவழைத்து, அதில் நிலாவின் இருப்பிடம் அரை பாகை பிசகியிருப்பதைத் தன் அளவீடுகளோடு ஒப்பிட்டுச் சொன்னவர். அப்படிப்பட்ட மனிதரின் மகன் ஈஸ்வரி சிங், மராட்டியப் படை வாசலுக்கு வந்தபோது 1750இல் தற்கொலை செய்துகொண்டார். அப்பா இறந்து ஏழு வருடம்தான் ஆகியிருந்தது.

கேள்வி: இத்தனை மகாராஜாக்களில் உங்கள் மனதுக்கு நெருக்கமானவர் யார்?

பிகானேர் கங்கா சிங். யோசிக்காமல் சொல்வேன்.

ஏழு வயதில் பட்டத்துக்கு வந்தார். 1898இல் முழு அதிகாரம் கைக்கு வந்தது. மறு வருடமே மழை பொய்த்தது. விக்ரம ஆண்டு 1956 என்பதால் 'சப்பனியா பஞ்சம்' என்று ராஜஸ்தானில் இன்றும் பெயர் சொல்லும் பஞ்சம் அது. மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன, ஜனங்கள் ஊரைக் காலி செய்துகொண்டு நடந்தார்கள். பத்தொன்பது வயதுப் பையன் ஆட்சியின் முதல் பாடமாகப் பார்த்தது இதைத்தான்.

வடக்கே சட்லெஜ் நதி ஓடுகிறது. அதில் கொஞ்சத்தைத் தன் பாலைவனத்துக்குத் திருப்பினால் போதும் என்று அவருக்குத் தோன்றியது. சொல்வது எளிது. நதி அவருடைய எல்லைக்குள் இல்லை. பஞ்சாபும் பகவல்பூர் சமஸ்தானமும் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. பேசிப் பேசி 1920இல்தான் மூன்று தரப்பும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 1925இல் அடிக்கல். மணலில் மண் கால்வாய் வெட்டினால் தண்ணீரை மணலே குடித்துவிடும். அதனால் பிரதானக் கால்வாய் நெடுகிலும் சுண்ணாம்புக் கான்கிரீட் பூசினார்கள். 1927 அக்டோபர் 26ஆம் தேதி மதகு திறந்தது. பஞ்சம் தொடங்கியதிலிருந்து எண்ணினால் இருபத்தெட்டு வருடம். இன்று ஸ்ரீகங்காநகர் பக்கம் போனால் கோதுமையும் பருத்தியும் கின்னோ ஆரஞ்சும் விளைகிற பூமியைப் பார்க்கலாம்.

முதல் உலகப் போர் முடிந்தபின் வெர்சாய் ஒப்பந்தத்தில் இந்தியா சார்பில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். எனக்கு அது இரண்டாம்பட்சம்.

அவரிடம் குறையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். கஜ்னேர் ஏரிக்கரையில் வைஸ்ராய்களுக்கு வேட்டை விருந்து வைத்தார். பேச்சுரிமை கேட்டவர்களை 1932இல் சதி வழக்குப் போட்டுச் சிறைக்கு அனுப்பினார். அதற்கு நான் சமாதானம் சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்தக் கால்வாயை நினைத்தால் என் கை தானாகக் குவிகிறது.

கேள்வி: சுதந்திரத்துக்குப் பிறகு மக்கள் இவர்களுக்கு ஓட்டுப் போட்டார்களா?

அள்ளிப் போட்டார்கள். ஜோத்பூர் ஹன்வந்த் சிங் முதல் பொதுத் தேர்தலில், அப்போது ராஜஸ்தான் முதல்வராக இருந்த ஜெய் நாராயண் வியாஸையே தோற்கடித்தார், ஆனால் முடிவு தெரியும் முன் 1952 ஜனவரி 26 அன்று விமான விபத்தில் இறந்துவிட்டார். 1962இல் ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி, நம் ராஜாஜி தொடங்கிய சுதந்திரா கட்சியின் வேட்பாளராக நின்று, பதிவான 2,46,516 வாக்குகளில் 1,92,909 பெற்றார்.

கேள்வி: மன்னர் மானியம் எல்லோருக்கும் ஒரே அளவா?

சமஸ்தானத்தை இந்தியாவோடு இணைத்த மன்னர்களுக்கு அரசு வருடாவருடம் கொடுத்த பணம்தானே? இல்லை, பெரிய வித்தியாசம். மைசூருக்கு ஆண்டுக்கு 26 லட்சம், ஜெய்ப்பூருக்கு 18 லட்சம். சௌராஷ்டிரத்தின் கடோடியா என்ற குட்டி சமஸ்தானத்துக்கு ஆண்டுக்கு 192 ரூபாய். 1971இல் 26ஆவது அரசியல் சட்டத் திருத்தம் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தியது.