மூன்று சிலிண்டர் என்றால் பயப்பட வேண்டுமா?

கேள்வி: 2018 ஆம் ஆண்டு டொயோட்டா விட்ஸ் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். 1000 சீசீ, மீற்றரில் 68,000 கிலோமீற்றர். எங்கள் கராஜ் பாஸ், "மூன்று சிலிண்டர் என்ஜின் ஒரு லட்சத்தோடு படுத்துவிடும், நான்கு சிலிண்டர் 1300 பாருங்கள்" என்கிறார். ஸ்டார்ட் செய்து ஓட்டாமல் நின்ற இடத்திலேயே வைத்திருந்தால் ஸ்டியரிங்கில் நடுக்கமும் தெரிகிறது. வாங்கலாமா? (வெள்ளவத்தை வாசகர்)

பதில்: ஒரு லட்சத்தோடு படுத்த மூன்று சிலிண்டர் என்ஜின்களை உங்கள் பாஸ் பார்த்திருப்பார். நானும் பார்த்திருக்கிறேன். நான் பார்த்தவை படுத்தது சிலிண்டர் குறைவால் அல்ல, ஒயிலைக் கவனிக்காமல் விட்டதால்.

இந்தக் காரில் இருப்பது 1கேஆர்-எஃப்ஈ. டைஹாட்சு உருவாக்கி 2004 இல் வெளிவந்த என்ஜின். 996 சீசீ, 12 வால்வு, அலுமினிய பிளொக், டைமிங் செயின் (வால்வுகளை இயக்கும் சங்கிலி). ஐரோப்பாவில் டொயோட்டா அய்கோ, பேஜோ 107, சிட்ரோயன் சீ1 மூன்றிலும் இதுதான் ஓடியது. 2007 முதல் 2010 வரை நான்கு ஆண்டுகள் ஒரு லீற்றருக்குக் குறைந்த பிரிவில் சர்வதேச விருதும் வாங்கியது. விருதைப் பார்த்துப் பழைய கார் வாங்க முடியாதுதான். ஆனால் இது யாரோ அவசரத்தில் ஒட்டிவிட்ட என்ஜின் அல்ல என்பதற்காகச் சொல்கிறேன். நீங்கள் பார்த்த 2018 காரில் இருப்பது 2014 இல் திருத்திய வடிவம். அமுக்க விகிதம் 11.5, வலு 69 குதிரைத்திறன்.

நடுக்கத்துக்கு வருவோம். நான்கு சிலிண்டர் என்ஜினில் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) 180 பாகை திரும்ப ஒரு வெடிப்பு விழும். மூன்றில் 240 பாகைக்கு ஒன்று. இடைவெளி கூடுவதால், கார் நிற்க என்ஜின் மட்டும் ஓடும் ஐட்லிங்கில் ஒரு சின்ன அதிர்வு எப்போதும் இருக்கும், புதுக் காரிலும் இருக்கும். அது இயல்பா, கோளாறா என்று பிரிக்க ஒரு வழி உண்டு. ஏசியைப் போட்டு, பிரேக்கை மிதித்தபடி கியரை டி-யில் வையுங்கள். பிறகு என்-க்கு மாற்றுங்கள். டி-யில் டாஷ்போர்டே கடகடத்து, என்-இல் சட்டென்று அடங்கினால் என்ஜின் மவுண்ட் (என்ஜினைத் தாங்கும் ரப்பர்) தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். மாற்றிவிடலாம், விலையில் கழித்துக் கேளுங்கள். எந்தக் கியரிலும் சீரில்லாமல் இடையிடையே உதறினால், கூடவே என்ஜின் விளக்கும் எரிந்தால், பிளக் அல்லது கொயில். ஸ்கேன் போட்டால் எந்தச் சிலிண்டர் என்றே காட்டிவிடும்.

அதைவிட முக்கியமானது ஒன்று. காலையில் போங்கள், போனதும் முதலில் பொனட்டில் கை வையுங்கள். போன வருடம் அக்கா மகனுக்காக ஒரு கார் பார்க்கப் போனோம். "இரவு முழுக்க இங்கேதான் நின்றது" என்றார் விற்பவர். பொனட் தோசைக்கல் மாதிரிச் சுட்டது. முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார். மறுநாள் சொல்லாமல் போய் ஸ்டார்ட் செய்ய வைத்தோம். நான்கைந்து வினாடிக்குச் சங்கிலி சலசலக்கிற சத்தம். சங்கிலியைத் தளராமல் வைக்கும் செயின் டென்ஷனரை இறுக்கிப் பிடிப்பது ஒயில் அழுத்தம்தான். ஒயில் கெட்டிருந்தால், அல்லது செயின் நீண்டிருந்தால், அழுத்தம் ஏறும்வரை இந்தச் சத்தம் வரும். குளிர்ந்த என்ஜினில்தான் அது பிடிபடும். நாங்கள் அந்தக் காரை விட்டுவிட்டோம்.

அப்புறம் ஒயில் மூடியைத் திறந்து உட்பக்கம் பாருங்கள். தேன் நிறப் படலம் பரவாயில்லை. கறுப்பாகத் தார் போல ஒட்டியிருந்தால் மீற்றர் என்ன சொன்னாலும் நம்பாதீர்கள். 68,000 என்ற எண்ணை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன். மீற்றரைப் பின்னால் ஓட்டுவது கஷ்டமான காரியமே இல்லை. கார் ஜப்பானில் ஏலம் போனபோது எழுதிய ஏலத் தாளை சேசிஸ் இலக்கத்தோடு ஒப்பிட்டு, இங்கே இறங்கியபோது எவ்வளவு ஓடியிருந்தது என்று பாருங்கள். பிறகு இங்கே செய்த சேர்விஸ் பில்களைக் கேளுங்கள். பில் இல்லாத 40,000 ஐ விட, பில்லோடு இருக்கிற 90,000 எனக்குப் பிடிக்கும்.

கேள்வி: கொட்டாஞ்சேனையிலிருந்து பம்பலப்பிட்டிக்குத் தினமும் போய் வருகிறேன். ஒயிலை 10,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்கிறார்கள். இன்னொருவர் 3,000 என்கிறார். இது வெயில் நாடு, 20டபிள்யூ-50 போட்டால்தான் என்ஜின் தாங்கும் என்கிறார் வேறொருவர். யாரை நம்புவது? (கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: கிலோமீற்றரை விட்டுவிட்டு மணிக்கணக்கில் யோசியுங்கள். காலையில் புறக்கோட்டையைத் தாண்டி காலி வீதிக்கு வந்து சேர்வதற்குள் சராசரி வேகம் மணிக்கு 15 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். அந்த வேகத்தில் 5,000 கிலோமீற்றர் ஓட என்ஜின் 333 மணிநேரம் சுற்ற வேண்டும். அதே 5,000 ஐ அதிவேக வீதியில் 90 இல் ஓடினால் சுமார் 56 மணிநேரம்தான். ஒயிலுக்குத் தூரம் தெரியாது, சுற்றுத்தான் தெரியும். சிக்னலில் ஏசியோடு நிற்கிற பத்து நிமிடம் மீற்றரில் ஏறாது, ஒயிலில் ஏறும். 10,000 என்பது சீரான ஓட்டத்துக்கு எழுதிய கணக்கு. ஜப்பானியக் கையேடுகளிலேயே கடினமான பாவனைக்கு அதைப் பாதியாக்கச் சொல்வார்கள். நம்முடைய பாவனை அதுதான். 5,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அதில் மாற்றுங்கள். 3,000 இல் மாற்றினால் என்ஜினுக்குக் கெடுதல் இல்லை, உங்கள் சட்டைப் பைக்குத்தான்.

20டபிள்யூ-50 வேண்டாம். டபிள்யூவுக்குப் பின்னால் வருகிற எண், ஒயில் 100 பாகை வெப்பத்தில் எவ்வளவு தடிப்பாக இருக்கிறது என்பதைக் குறிப்பது. என்ஜின் சூடேறிய பிறகு உள்ளே கொழும்பு, நுவரெலியா என்ற பேதம் பெரிதாகக் கிடையாது. தெர்மோஸ்டாட் இரண்டு ஊரிலும் அதை 90 பாகைக்கு அண்மையில்தான் வைத்திருக்கும். தடித்த ஒயில் காலையில் செயினுக்கும் விவிடி-க்கும் (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் பாகம்) போய்ச் சேரத் தாமதிக்கும், பெற்றோலும் கூடுதலாகக் குடிக்கும். இந்தச் சின்ன ஜப்பானிய என்ஜின்களுக்கு 0டபிள்யூ-20. வயதான என்ஜின் கொஞ்சம் ஒயில் குடித்தால் 5டபிள்யூ-30 போடலாம்.

ஒன்றை மறக்காதீர்கள். 1கேஆர் போன்ற என்ஜினில் மொத்தமே சுமார் 3 லீற்றர் ஒயில்தான். அதில் ஒரு லீற்றர் குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. மாதம் இரண்டு முறை சமதரையில் நிறுத்தி டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். சிவப்பு ஒயில் விளக்கு எரியும்வரை காத்திருந்தவர்களின் என்ஜின்தான் பிரித்த நிலையில் கராஜ் மூலையில் கிடக்கிறது.

கேள்வி: சுசுக்கி வாகன் ஆருக்கு 92 ஒக்டேன் பெற்றோல் அடிப்பதா, 95 அடிப்பதா? (தெஹிவளை வாசகி)

பதில்: 92 போதும். ஜப்பானில் சாதாரணப் பெற்றோலின் தரமே 89 இலிருந்துதான் தொடங்குகிறது. அந்தப் பெற்றோலுக்குச் செய்த என்ஜினுக்கு 95 அடித்தால் வலுவும் கூடாது, கிலோமீற்றரும் கூடாது. பெற்றோல் மூடியின் உட்பக்கத்தில் 95 என்று எழுதியிருக்கிற ஐரோப்பிய டர்போ கார்களுக்கு அது தேவை. மிஞ்சுகிற காசில் ஒரு நல்ல எயார் பில்டர் வாங்குங்கள்.

கேள்வி: என் கார் ஒருநாள் கொதித்தது. ரேடியேட்டர் வேலை செய்பவர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, தண்ணீர் நிரப்பித் தந்தார். "இந்த நாட்டுக்கு இது தேவையில்லை" என்றார். இப்போது கொதிப்பதில்லை, ஆனால் பெற்றோல் அதிகம் போகிறது. (வத்தளை வாசகர்)

பதில்: போகத்தான் செய்யும். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் என்ஜின் சரியான சூட்டுக்கு வரவே பிந்தும். கம்பியூட்டரோ என்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்துப் பெற்றோலை அதிகம் ஊற்றிக்கொண்டே இருக்கும். எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரால் வழிந்து ஒயிலோடு கலக்கும். இவ்வளவும் நடக்கையில், கார் ஏன் கொதித்தது என்ற கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. கட்டில் நீளம் போதவில்லையென்று காலை வெட்டின வைத்தியம்.

புதிய தெர்மோஸ்டாட் போடுங்கள், அது பெரிய செலவில்லை. பிறகு மூன்று இடங்களைப் பார்க்கச் சொல்லுங்கள்: ரேடியேட்டர் மூடி, ஃபான், வோட்டர் பம்ப். விட்ஸ் 1000 என்றால் பம்பைத்தான் முதலில் பார்ப்பேன். கசிவு இருந்தால் பம்பைச் சுற்றி இளஞ்சிவப்பாக உப்புப் பூத்தது போலக் காய்ந்திருக்கும், கண்ணுக்கே தெரியும். குழாய்த் தண்ணீரை இறக்கிவிட்டுக் கூலன்டே நிரப்புங்கள். கூலன்ட் குளிர்நாட்டுக்கு மட்டும் என்பது தப்பான எண்ணம். அது அலுமினியம் அரிக்காமல் காக்கிறது, கொதிநிலையையும் ஏற்றுகிறது. இனி ஒருமுறை ஊசி சிவப்புக்கு ஏறினால், அல்லது சிவப்பு வெப்ப விளக்கு எரிந்தால், வீடு இரண்டு தெருதானே என்று ஓட்டாதீர்கள். அலுமினிய ஹெட் வளைய அந்த இரண்டு தெரு போதும்.

கேள்வி: குடும்பம் ஐந்து பேர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஹட்டனில் அம்மா வீட்டுக்குப் போவோம். வாகன் ஆரா, விட்ஸா? (பம்பலப்பிட்டி வாசகி)

பதில்: வாகன் ஆர் நான்கு பேருக்கான கார், சீட் பெல்ட்டும் நான்குதான். பதில் அங்கேயே முடிந்துவிட்டது. இருந்தாலும் ஏற்றத்தின் கணக்கையும் சொல்கிறேன். வாகன் ஆரின் ஆர்06ஏ என்ஜின் 658 சீசீ, டர்போ இல்லாததில் 52 குதிரைத்திறன். கார் சுமார் 780 கிலோ. விட்ஸ் 69 குதிரைத்திறன், சுமார் 970 கிலோ. ஓட்டுநர் மட்டும் இருந்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வேகம்தான், கொழும்புக்குள் வாகன் ஆர் இன்னும் சுறுசுறுப்பாகவே தெரியும். ஆட்களும் அரிசி மூட்டையும் ஏறினால்தான் வித்தியாசம். இலேசான காருக்கு அந்தச் சுமை பெரிய பங்கு. கினிகத்தேனை ஏற்றத்தில் இரண்டு காரும் கத்தும், வாகன் ஆர் அதிக நேரம் கத்தும். விட்ஸ் எடுங்கள். ஏறும்போது கியரை எஸ் (S) அல்லது பி-யில் (B, பார்க்கிங் P அல்ல) வைத்து, சுற்று 4,000 ஐத் தாண்டினாலும் பயப்படாமல் விடுங்கள். அந்த என்ஜினின் இழுவை அங்கேதான் இருக்கிறது. இறங்கும்போதும் பி-யிலேயே வாருங்கள், பிரேக் கருகுகிற வாடை அடிக்காது.